டாக்டர் ஹூ: 17 மணி நேரத்தில் முடிந்துபோன வேலை... காலின் பேக்கரைத் தோற்கடித்தது யார்?

2009-ல் 'டாக்டர் ஹூ மேகசின்' தன் வாசகர்களிடம் ஒரு வாக்கெடுப்பு நடத்தியது. அதுவரை வந்திருந்த 200 டாக்டர் ஹூ கதைகளையும் தர வரிசைப்படுத்த வேண்டும். முதலிடம் பிடித்தது 'தி கேவ்ஸ் ஆஃப் ஆண்ட்ரோசானி'. 200-வது இடம், அதாவது கடைசி பெஞ்ச், 'தி ட்வின் டைலமா'. இரண்டும் வேறு வேறு காலத்துக் கதைகள் என்று நினைத்தால் தப்பு. முதலாவது பிபிசியில் முடிந்தது 1984 மார்ச் 16. இரண்டாவது தொடங்கியது மார்ச் 22. நடுவில் ஆறே நாள்.

அந்த ஆறு நாளில் தயாரிப்பாளர் மாறவில்லை. ஸ்கிரிப்ட் எடிட்டர் மாறவில்லை. சேனல் மாறவில்லை. மாறியது ஹீரோ மட்டும்தான். பீட்டர் டேவிசன் போய், காலின் பேக்கர் வந்தார். அப்புறம் என்ன, கணக்கு ரொம்ப ஈஸி. "ஆள் சரியில்லை." 40 வருஷமாக இந்தத் தீர்ப்பு இணையத்தில் சுற்றிக்கொண்டிருக்கிறது. 'மோசமான டாக்டர் யார்?' என்று எங்கே பட்டியல் போட்டாலும் அவர் பெயர் கீழேதான் கிடக்கும்.

ஆனால், வேலை பார்க்கும் யாருக்குமே இந்தக் கணக்கில் ஏதோ இடிக்கும். ஒரு புராடக்ட் சொதப்பினால் முதலில் வீட்டுக்கு அனுப்பப்படுவது யார், அதை வடிவமைத்தவரா, அதன் முகமாக நின்றவரா? காலின் பேக்கரின் கதை அந்தக் கேள்விக்கு ரொம்ப கச்சிதமான ஒரு கேஸ் ஃபைல்.

முதலில், இந்த டாக்டர் யார்?

சீரிஸையே பார்க்காதவர்களுக்கு ஒரு குட்டி இன்ட்ரோ. 1963 நவம்பர் 23-ல் பிபிசியில் தொடங்கிய அறிவியல் புனைவுத் தொடர் 'டாக்டர் ஹூ'. ஹீரோவுக்குப் பெயர் கிடையாது, 'டாக்டர்' அவ்வளவுதான். வேற்றுக்கிரகவாசி. வெளியே பார்த்தால் நீல நிற போலீஸ் பெட்டி, உள்ளே போனால் பிரம்மாண்டமாக விரியும் டார்டிஸ் என்ற வாகனத்தில் காலத்தின் முன்னும் பின்னும் போய்வருவார்.

1966-ல் முதல் டாக்டர் வில்லியம் ஹார்ட்னெல்லுக்கு உடல்நிலை மோசமானது. தொடரை நிறுத்த மனசில்லாத தயாரிப்புக் குழு ஒரு தந்திரம் செய்தது. டாக்டர் சாகும் நிலைக்கு வந்தால் அவருடைய உடல் தன்னையே புதுப்பித்துக்கொள்ளும்; முகம் மாறும், குணமும் மாறும். இதற்குப் பின்னாளில் 'ரீஜெனரேஷன்' என்று பெயர் வந்தது. ஒரு நடிகரின் ராஜினாமாவைக் கதைக்குள்ளேயே கொண்டுவந்த இந்த ஐடியாதான் தொடர் 60 வருஷம் தாண்டியும் உயிரோடு இருக்கக் காரணம்.

இதனால் ஒரு மரபும் உருவானது. டாக்டராக நடித்தவர் போகும்போது அவருக்கு ஒரு மரணக் காட்சி உண்டு. ஒரு வழியனுப்பு. வேலையை விட்டுப் போகும் அன்று கேக் வெட்டுவது மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். இந்த விஷயத்தை மறந்துவிடாதீர்கள், பின்னாடி தேவைப்படும்.

சாலிசிட்டர் ஆக வேண்டியவர்

1943 ஜூன் 8-ல் லண்டனில் பிறந்த காலின் பேக்கர் வளர்ந்தது வடக்கு இங்கிலாந்தின் ராச்டேலில். படித்தது சட்டம், சாலிசிட்டர் ஆவதற்கான பயிற்சியில் இருந்தார். 23 வயதில் அதையெல்லாம் மூட்டை கட்டிவிட்டு லண்டனின் லாம்டா நாடகப் பள்ளியில் சேர்ந்தார். 1972-ல் பிபிசி எடுத்த 'வார் அண்ட் பீஸ்' தொடரில் அனடோல் குராகின். ஆந்தனி ஹாப்கின்ஸ் பியரியாக நடித்த அதே தொடர். அடுத்து வந்தது 'தி பிரதர்ஸ்'. லாரி கம்பெனி நடத்தும் ஒரு குடும்பத்தின் கதை. அதில் இரக்கமில்லாத வங்கியாளர் பால் மெரோனியாக 1974 முதல் 1976 வரை வந்தார். பிரிட்டன் வீடுகளில் அன்றைக்கு எல்லாரும் திட்டித் தீர்த்த வில்லன் அவர். திட்டு வாங்குவது அவருக்குப் புதுசில்லை. சொல்லப்போனால், அதுதான் அவருடைய தொழில் பலம்.

டாக்டர் ஹூவுக்குள்ளும் அவர் முதலில் வந்தது துப்பாக்கியோடுதான். 1983-ல் வந்த 'ஆர்க் ஆஃப் இன்ஃபினிட்டி' கதையில் மேக்ஸில் என்ற காவல் தலைவராக வந்து, அப்போதைய டாக்டரான டேவிசனைச் சுடுவார். டாக்டர் வேலை கிடைப்பதற்காக முந்தைய டாக்டரையே சுட்டவர் என்று அவரே பின்னாளில் ஜோக் அடித்திருக்கிறார். வேலை கிடைத்த விதமும் சுவாரஸ்யம். படப்பிடிப்புக் குழுவில் ஒருவரின் திருமண விருந்தில் எல்லாரையும் அவர் சிரிக்க வைத்துக்கொண்டிருந்ததை, அங்கே வந்திருந்த தயாரிப்பாளர் ஜான் நேதன்-டர்னர் கவனித்திருக்கிறார். டேவிசன் விலகப்போவதாகச் சொன்னதும் அந்த ஞாபகம் வந்திருக்கிறது.

பேக்கர் ஆர்வமாக ஓகே சொன்னார். அவருக்கு முன்னால் நான்காவது டாக்டராக டாம் பேக்கர் (சொந்தமெல்லாம் இல்லை, பெயர்ப் பொருத்தம் மட்டும்தான்) ஏழு வருஷம் இருந்து சாதனை வைத்திருந்தார். அதை முறியடிக்க வேண்டும் என்பதுதான் காலின் பேக்கரின் ஆசை.

கோட்டு யாருடைய ஐடியா?

ஆறாவது டாக்டர் என்றதும் முதலில் ஞாபகம் வருவது அந்தக் கோட்டுதான். சிவப்பு, மஞ்சள், பச்சை, பிங்க், நீலம் எல்லாவற்றையும் ஒட்டுப் போட்ட மாதிரி ஒரு கோட்டு. அதற்குக் கீழே கறுப்புக் கோடு போட்ட மஞ்சள் பேன்ட், பச்சை ஷூ. வானவில் தொழிற்சாலையில் குண்டு வெடித்த மாதிரி என்று பேக்கரே வர்ணித்திருக்கிறார்.

அவர் கேட்டது அது இல்லை. கறுப்பு வெல்வெட்டில் ஓர் உடை கேட்டார். தன் டாக்டருக்குள் ஓர் இருட்டு இருக்க வேண்டும், உடையும் அதைச் சொல்ல வேண்டும் என்பது அவர் எண்ணம். தயாரிப்பாளரோ, ரசனை என்பதே துளியும் இல்லாத ஓர் உடை வேண்டும் என்று ஆடை வடிவமைப்பாளரிடம் கேட்டார். ஜெயித்தது தயாரிப்பாளர். நடிகருக்குக் கிடைத்த சுதந்திரம், காலரில் குத்திக்கொள்ளும் ஒரு பூனை பேட்ஜ்.

ஒரு சின்ன கொசுறு: 2005-ல் தொடர் மறுபடியும் பிறந்தபோது கிறிஸ்டோபர் எக்கல்ஸ்டன் அணிந்து வந்தது கறுப்பு லெதர் ஜாக்கெட். எல்லாரும் கூல் என்றார்கள்.

உடையை விடுங்கள், அது வெறும் துணி. உண்மையான சறுக்கல் குணத்தில் நடந்தது. 'தி ட்வின் டைலமா'வில் ரீஜெனரேஷன் குழப்பத்தில் இருக்கும் புது டாக்டர், கூட வரும் பெரி என்ற இளம்பெண்ணின் கழுத்தைப் பிடித்து நெரிக்கிறார். நிக்கோலா பிரையன்ட் பெரியாக நடித்தார். குழந்தைகளும் பார்க்கும் தொடரில், எல்லாரும் நம்பும் ஒரு ஹீரோ, தன் தோழியின் கழுத்தை நெரிக்கிறார். இன்றைக்கு அந்தக் காட்சியைப் பார்த்தால் இன்னும் கஷ்டமாக இருக்கிறது. எந்த விளக்கமும் அதைச் சரியாக்காது.

இதில் பேக்கரும் முழு அப்பாவி இல்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். முதலில் பிடிக்காமல் போகும், போகப் போகத்தான் மனசு புரியும் ஒரு டாக்டர் என்ற திட்டத்துக்கு அவரும் சம்மதித்தார்; சம்மதித்தது மட்டுமல்ல, அதை விரும்பினார். ஜேன் ஆஸ்டினின் டார்சியைத்தான் அவர் உதாரணம் காட்டுவார். முதல் சந்திப்பில் திமிர் பிடித்தவனாகத் தெரிந்து, கடைசியில் எல்லாருக்கும் பிடித்துப்போகிற ஆள். கேட்க நல்லாத்தான் இருக்கிறது. ஆனால் டார்சிக்கு ஒரு வசதி உண்டு. நாவலை வாங்கியவர் எப்படியும் அடுத்த பக்கத்தைப் புரட்டுவார். டிவி ரசிகர் ரிமோட்டைத் தேடுவார்.

அதைவிடப் பெரிய தப்பு அட்டவணையில் நடந்தது, இது அதிகம் பேசப்படுவதில்லை. புது டாக்டரின் முதல் கதையைப் புது சீசனில் தொடங்காமல், டேவிசனின் கடைசி சீசனுக்கு வாலாக ஒட்டினார்கள். சீசன் முடிவு என்பதால் பட்ஜெட்டும் வற்றிப்போயிருந்தது. மார்ச் 30-ல் அந்தக் கதை முடிந்தது. அடுத்த எபிசோடு வந்தது 1985 ஜனவரி 5-ல். ஒன்பது மாதம்! அந்த ஒன்பது மாதமும் ரசிகர்கள் மனசில் இருந்தது, கத்துகிற, கழுத்தை நெரிக்கிற, கண் கூசும் கோட்டு போட்ட ஒருவர். புதுசாகச் சேர்ந்த ஊழியரின் மோசமான முதல் வாரத்தை வீடியோ எடுத்து, ஒன்பது மாசம் ஆபீஸ் வாசலில் ஓட்டிக்கொண்டே இருந்தால் எப்படி இருக்கும், அப்படி.

1985-லேயே ரியாலிட்டி ஷோவைப் பார்த்தவர்கள்

1985 சீசன் மொத்தமும் குப்பை என்பவர்கள் 'வெஞ்சன்ஸ் ஆன் வாரோஸ்' கதையை ஒருமுறை பார்க்கலாம். பிலிப் மார்ட்டின் எழுதியது.

வாரோஸ் ஒரு கிரகம். அங்கே சித்திரவதைகளும் மரண தண்டனைகளும் டிவியில் நேரடி ஒளிபரப்பு. மக்கள் வீட்டிலிருந்தே பட்டனைத் தட்டி ஓட்டுப் போட வேண்டும், அது கட்டாயம். கவர்னர் கொண்டுவரும் திட்டத்துக்கு 'வேண்டாம்' ஓட்டு அதிகமாக விழுந்தால், கேமரா முன்னாலேயே அவர் மீது உயிரைக் குடிக்கும் கதிர்கள் பாயும். சில தோல்விகளை ஒரு கவர்னர் தாங்குவார், அப்புறம் செத்துப்போவார், அடுத்தவர் வருவார். இதையெல்லாம் ஒரு கணவனும் மனைவியும் வீட்டில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே கமென்ட் அடிப்பார்கள். "இன்னைக்கு ஷோ போர்" என்கிற ரகத்தில் இருக்கும் அவர்களுடைய பேச்சு. கதையின் கடைசிக் காட்சியில் அந்தக் கொடூர ஆட்சி முடிவுக்கு வரும். இனி ஷோ கிடையாது. அந்த இருவருக்கும் அடுத்து என்ன செய்வதென்று தெரியாது. வெற்றுத் திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள்.

ஸ்மார்ட்போன் இல்லை, எஸ்எம்எஸ் ஓட்டு இல்லை, லைவ் சாட் இல்லை. 1985. கேலி செய்யப்பட்ட ஒரு காலகட்டத்துக்குள் இப்படி ஒரு கதை இருப்பதே பலருக்குத் தெரியாது.

ஆனால் இதே கதையில்தான் விமர்சகர்கள் பிடித்துக்கொண்ட காட்சியும் இருந்தது. இரண்டு பேர் அமிலத் தொட்டியில் விழுந்து சாக, டாக்டர் ஒரு கிண்டல் வசனம் சொல்லிவிட்டுப் போவார். அதே சீசனின் இன்னொரு கதையில் ஒருவரின் கைகள் ரத்தம் சொட்ட நசுக்கப்படும். குழந்தைகள் பார்க்கும் நேரத்தில் இவ்வளவு வன்முறையா என்று கேட்டார்கள். கேட்டதில் தப்பில்லை. ஆனால் அந்தக் காட்சிகளை எழுதி, திருத்தி, ஒப்புதல் கொடுத்து, எடிட் செய்து அனுப்பியவர்களின் முகம் டிவியில் வராது. வந்த முகம் ஒன்றுதான்.

18 மாதம் 'பெஞ்ச்'

1985 பிப்ரவரி இறுதியில் அடி விழுந்தது. பிபிசி ஒன் சேனலின் தலைமைப் பொறுப்பில் இருந்த மைக்கேல் கிரேட், டாக்டர் ஹூவை 18 மாதம் நிறுத்தி வைத்தார். அவருக்கு இந்தத் தொடர் பிடிக்காது என்பது ரகசியமே இல்லை. பல வருஷம் கழித்து, 2002-ல், பிடிக்காத விஷயங்களைக் குப்பையில் போடும் 'ரூம் 101' என்ற காமெடி நிகழ்ச்சிக்கு வந்து டாக்டர் ஹூவையும் தூக்கிப் போட்டார்.

ரேட்டிங் படுத்துவிட்டதா? இங்கேதான் எண்களைப் பார்க்க வேண்டும். டேவிசனின் கடைசி சீசனுக்கு சராசரியாக சுமார் 72 லட்சம் பார்வையாளர்கள். பேக்கரின் முதல் முழு சீசனுக்கு சுமார் 71 லட்சம். அதாவது, யாருமே ஓடிப்போகவில்லை. கழுத்து நெரிப்பு, கோட்டு, ஒன்பது மாத இடைவெளி எல்லாம் தாண்டி அவர்கள் திரும்பி வந்திருந்தார்கள்.

ஓடிப்போனது அந்த 18 மாத நிறுத்தத்துக்கு அப்புறம்தான். அடுத்த சீசனுக்காகத் தயாராகியிருந்த கதைகள் எல்லாம் கைவிடப்பட்டன. 1986 செப்டம்பரில் திரும்பி வந்தது 14 எபிசோடு நீளமுள்ள ஒரே ஒரு கதை, 'தி ட்ரையல் ஆஃப் எ டைம் லார்ட்'. முந்தைய சீசனில் 45 நிமிடமாக இருந்த எபிசோடு மறுபடி 25 நிமிடமாகச் சுருங்கியது. கதையும் என்ன தெரியுமா? டாக்டர் ஒரு நீதிமன்றத்தில் குற்றவாளிக் கூண்டில் நிற்கிறார். தொடரே விசாரணையில் இருக்கும்போது ஹீரோவையும் விசாரணையில் நிறுத்துவது சாமர்த்தியமா, தற்கொலையா என்று ரசிகர்கள் இன்னும் சண்டை போடுகிறார்கள்.

தயாரிப்பு அறைக்குள் நிலைமை அதைவிட மோசம். கதையின் முடிவை எழுத வேண்டிய மூத்த எழுத்தாளர் ராபர்ட் ஹோம்ஸ் 1986 மே மாதம் இறந்துபோனார். 'ஆண்ட்ரோசானி'யை எழுதியவர் அவர்தான். ஸ்கிரிப்ட் எடிட்டர் எரிக் சேவர்ட், தயாரிப்பாளரோடு மோதி விலகினார். தான் எழுதியிருந்த கடைசி எபிசோடையும் பயன்படுத்தக் கூடாது என்று திரும்ப வாங்கிக்கொண்டார். கடைசியில் பிப் பேக்கர், ஜேன் பேக்கர் என்ற எழுத்தாளர் தம்பதி (ஆமாம், இன்னும் இரண்டு பேக்கர்கள்) சில நாட்களுக்குள் ஒரு புது முடிவை எழுதிக் கொடுத்தார்கள். முடிவு எப்படி இருந்திருக்கும் என்று நீங்களே யூகிக்கலாம். சராசரிப் பார்வையாளர்கள் சுமார் 48 லட்சமாக இறங்கினார்கள்.

அந்த நீதிமன்றக் கதை முடியும்போது, டாக்டரை உடற்பயிற்சி செய்ய வைத்து கேரட் ஜூஸ் குடிக்கச் சொல்லும் புதுத் தோழி மெல், மறுபடியும் அதே பல்லவியைப் பாடுவார். டாக்டர் சலித்துக்கொண்டே டார்டிஸுக்குள் போவார். அந்தத் தொடரில் காலின் பேக்கரின் டாக்டர் பேசிய கடைசி வார்த்தை, 'கேரட் ஜூஸ்'.

வழியனுப்பு இல்லாத ஒரே டாக்டர்

சீசன் ஒளிபரப்பாகிக்கொண்டிருந்தபோதே முடிவு எடுக்கப்பட்டுவிட்டது. தொடர் தொடரட்டும், ஆனால் ஹீரோ மாற வேண்டும். மூன்று வருஷம் ஒருவருக்குப் போதும் என்பது சொல்லப்பட்ட காரணங்களில் ஒன்று. அந்த மூன்று வருஷத்தில் பாதி, அவரை வேலை செய்யவே விடாமல் நிறுத்தி வைத்த 18 மாதம். எபிசோடுகளைக் கூட்டிப் பாருங்கள்: நாலு, பதின்மூன்று, பதினாலு. மொத்தம் 31. சுமார் 17 மணி நேரம். ஒரு நீண்ட வார இறுதியில் ஓடிடியில் பார்த்து முடித்துவிடலாம்.

அடுத்த சீசனின் முதல் கதைக்கு மட்டும் வந்து, நாலு எபிசோடு நடித்து, 'செத்துக்' கொடுத்துவிட்டுப் போகச் சொன்னார்கள். அவர் ஒரு மாற்று யோசனை சொன்னார்: முழு சீசனும் நடிக்கிறேன், கடைசியில் சாகிறேன். அது மறுக்கப்பட்டது. நாலு வார வேலைக்காக மற்ற வாய்ப்புகளை விட்டுவிட்டுக் காத்திருக்க அவரும் தயாராக இல்லை. வரமாட்டேன் என்றார்.

நோட்டீஸ் பீரியடில் இருக்கும்போது, உங்கள் இடத்துக்கு வருபவருக்கு நீங்களே டிரெய்னிங் கொடுங்கள் என்று கேட்கப்பட்ட அனுபவம் உள்ளவர்களுக்கு இந்த 'வரமாட்டேன்' புரியும்.

ஆனாலும் ரீஜெனரேஷன் காட்டியாக வேண்டுமே? 1987 செப்டம்பர் 7, 'டைம் அண்ட் தி ராணி'. டார்டிஸ் தாக்கப்படுகிறது. அந்தக் கலர்க் கோட்டோடு ஒருவர் தரையில் குப்புறக் கிடக்கிறார். புரட்டிப் போடுகிறார்கள். சுருள்முடி விக். முகம் மங்கலாகி, ஒளி படர்ந்து, புது டாக்டர் சில்வெஸ்டர் மெக்காய். விக் வைத்துப் படுத்திருந்ததும் மெக்காய்தான். தனக்கு முன்னால் இருந்தவரின் மரணத்தையும் சேர்த்து அவரே நடித்தார். டிவியில் டாக்டராகத் தொடரை நடத்திய நடிகர்களில், தன்னுடைய மாற்றக் காட்சியில் தானே இல்லாமல் போனவர் காலின் பேக்கர் மட்டும்தான்.

சரி, ஆளை மாற்றியதால் தொடர் பிழைத்ததா? மெக்காயின் முதல் சீசன் சராசரி சுமார் 50 லட்சம். அவருடைய கடைசி சீசன் 42 லட்சத்துக்கும் கீழே. ஐடிவியின் 'கொரோனேஷன் ஸ்ட்ரீட்' ஓடும் நேரத்தில் கொண்டுபோய் வைத்தால் யார் வந்தாலும் அதுதான் கதி. 1989 டிசம்பர் 6-ல் தொடர் சத்தமில்லாமல் நின்றது. அந்தக் கடைசி நாள்வரை தயாரிப்பாளர் நாற்காலியில் இருந்தவர் ஜான் நேதன்-டர்னர். அவரும் பாவம்தான். 1986-லேயே விலக நினைத்தவரை பிபிசி விடவில்லை. கிரேட் சேனல் 4-க்குத் தலைவராகப் போனார், பின்னாளில் பிபிசியின் சேர்மனாகவே திரும்பி வந்தார். 2005 மார்ச்சில் டாக்டர் ஹூ அமர்க்களமாக ரீ-என்ட்ரி கொடுத்தபோது அந்தச் சேர்மன் நாற்காலியில் இருந்தது அவரேதான். சில சமயம் நிஜம், ஸ்கிரிப்ட் எடிட்டர் வெட்டித் தள்ளும் அளவுக்கு ஓவராகப் போகும்.

குரல் மட்டும் மிச்சமிருந்தது

அடுத்த பத்து வருஷம் மேடை நாடகம், கிறிஸ்துமஸ் சீசன் பான்டோமைம், டிவியில் சின்னச் சின்ன வேடங்கள். 1990-களில் ரசிகர்கள் எடுத்த 'தி ஸ்ட்ரேஞ்சர்' வீடியோ படங்களில், கிட்டத்தட்ட டாக்டர் மாதிரியே, ஆனால் டாக்டர் என்று சொல்லிக்கொள்ள முடியாத ஒருவராக நடித்தார். கூடவே நிக்கோலா பிரையன்ட்.

1999-ல் பிக் ஃபினிஷ் என்ற சின்ன கம்பெனி, பிபிசியிடம் உரிமம் வாங்கி, டாக்டர் ஹூவை ஒலி நாடகங்களாக சிடியில் வெளியிட ஆரம்பித்தது. நடத்தியவர்கள் ரசிகர்களாக இருந்து வந்தவர்கள். டேவிசன், காலின் பேக்கர், மெக்காய் மூவரும் மைக் முன்னால் வந்து நின்றார்கள். அங்கேதான் கதை திரும்பியது.

ஒலி நாடகத்தில் கோட்டு தெரியாது. ஜோக்குக்காகச் சொல்லவில்லை, இது முக்கியம். கண்ணை உறுத்திய ஒன்று போனதும், மேடையில் பழகிய அந்தக் கனத்த குரல் தனியாகக் கேட்டது. வேகமாகச் சிந்திக்கும், வார்த்தைகளை ருசித்துப் பேசும், கோபத்துக்கு அடியில் சட்டென்று கலங்கும் ஒரு டாக்டர். 2000-ல் வந்த 'தி மேரியன் கான்ஸ்பிரசி' அவருக்கு ஒரு புதுத் தோழியைக் கொடுத்தது: எவ்லின் ஸ்மைத், வரலாற்றுப் பேராசிரியை, இளமையைத் தாண்டியவர், சாக்லேட் பிரியை. மேகி ஸ்டேபிள்ஸ் குரல் கொடுத்தார். அந்தம்மா இந்த டாக்டரின் அலட்டலை ஒரு செகண்ட்கூடப் பொறுக்கமாட்டார். பதிலுக்குப் பதில். டாக்டர் மெல்ல மெல்ல இளகினார். 1984-ல் பேக்கர் மனசில் வைத்திருந்த அந்த டார்சி கிராஃப், 16 வருஷம் தாமதமாக ஆரம்பித்தது.

2003-ல் ராபர்ட் ஷியர்மன் எழுதிய 'ஜூபிலி' வந்தது. அடைத்து வைக்கப்பட்டு, சித்திரவதை செய்யப்படும் ஒரே ஒரு டாலெக். அதைப் பார்த்து இரக்கப்படலாமா கூடாதா என்ற கேள்வி. தொடரின் மிகப் பெரிய வில்லன் கூட்டத்தை அப்படி யாரும் அதுவரை யோசிக்கவில்லை. அந்தக் கருவைத்தான் ஷியர்மன் 2005-ல் எக்கல்ஸ்டனுக்காக 'டாலெக்' எபிசோடாக மாற்றி எழுதினார். புதுத் தலைமுறைக்கு டாலெக்கை அறிமுகப்படுத்திய எபிசோடு அது. அதன் வேர், எல்லாரும் கேலி செய்த ஆறாவது டாக்டரின் சிடிக்குள் இருந்தது.

ஒலி நாடகம் கேட்பவர்கள் ஏற்கெனவே தீவிர ரசிகர்கள், அவர்கள் யாரை வைத்தாலும் ரசிப்பார்கள் என்று வாதம் வரலாம். பாதி உண்மை. சனிக்கிழமை சாயங்காலம் சேனல் மாற்றிக்கொண்டிருக்கும் லட்சக்கணக்கான பேரைப் பிடித்து வைப்பது வேறு, காசு கொடுத்து சிடி வாங்கியவரைத் திருப்திப்படுத்துவது வேறு. ஆனால் அதே தீவிர ரசிகர்கள்தான் 2009-ல் 'ட்வின் டைலமா'வைக் கடைசி இடத்தில் தள்ளியவர்களும். அவர்களுக்குப் பாசம் கண்ணை மறைக்கவில்லை. ஒரே நடிகர், ஒரே பாத்திரம், வேறு ஸ்கிரிப்ட், போதுமான நேரம். அவ்வளவுதான் வித்தியாசம்.

அந்த ஐடியாவே தப்பு என்பவர்களுக்கும் பதில் இருக்கிறது. 2014-ல் பீட்டர் கபால்டி டாக்டராக வந்தபோது வெடுக்கென்று பேசும், யாரையும் மதிக்காத, தான் நல்லவனா என்று தனக்கே தெரியாத டாக்டராகத்தான் எழுதப்பட்டார். முதல் சீசனில் முகம் சுளித்தவர்கள் உண்டு. ஆனால் அவருக்கு மூன்று சீசன் கிடைத்தது. கறுப்புக் கோட்டும் கிடைத்தது.

1985-ல் குப்பைக்குப் போன கதைகளையும் பிக் ஃபினிஷ் விடவில்லை. 2009 முதல் 'தி லாஸ்ட் ஸ்டோரீஸ்' என்ற வரிசையில் அவற்றை ஒலி நாடகமாக்கினார்கள். முதலில் வந்தது 'தி நைட்மேர் ஃபேர்'. நடித்தது அதே காலின் பேக்கர், அதே நிக்கோலா பிரையன்ட். டிவியில் 17 மணி நேரத்தோடு நிறுத்தப்பட்டவர், மைக் முன்னால் அதைப்போலப் பல மடங்கு நேரம் டாக்டராக வாழ்ந்துவிட்டார். பிபிசியும் கூப்பிட்டது: 2022-ல் 'தி பவர் ஆஃப் தி டாக்டர்' எபிசோடில் சில நிமிடம், 2023-ல் 60-வது ஆண்டுக்காக எடுத்த 'டேல்ஸ் ஆஃப் தி டார்டிஸ்' தொடரில் பெரியோடு ஒரு சந்திப்பு. அந்தச் சந்திப்பில் இருவரும் உட்கார்ந்து நினைத்துப் பார்க்கத் தேர்ந்தெடுக்கப்பட்ட பழைய கதை, 'வெஞ்சன்ஸ் ஆன் வாரோஸ்'.

அதற்கும் முன்னால், 2015 ஆகஸ்ட்டில், 'தி லாஸ்ட் அட்வென்ச்சர்' என்ற நாலு கதைத் தொகுப்பு வெளியானது. ஆறாவது டாக்டர் எப்படிச் செத்தார் என்று சொல்லும் கதை. பல வருஷமாக அந்த மரணக் காட்சியைத் தொட வேண்டாம் என்றிருந்தவர் கடைசியில் சம்மதித்தார். வேலை போய் 29 வருஷம் கழித்து, 72 வயதில், காலின் பேக்கர் தன் டாக்டரின் மரணத்தைத் தானே நடித்தார். இந்த முறை விக் வைத்துக்கொண்டு வேறு யாரும் படுக்க வேண்டியிருக்கவில்லை.